ஹீட் சிங்கா, ஃபேனா, கிளாஸ் டியா? சூடாகும் ஆம்புக்கு எது சரி

போன மே மாதம், படத்தில் சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) உள்ளேயே இருக்கும் எங்கள் வீட்டு ரிசீவர் பட்டென்று நின்றது. முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக் என்றது. டிவி யூனிட்டின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் முகத்தில் அனல். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டரை மேல்மூடியில் காட்டினேன். எண் எதுவும் சொல்லாமல் 'ஹை' என்று கையை விரித்துவிட்டது. மல்டிமீட்டரின் தெர்மோகப்பிள் முனையை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 68 டிகிரி. அறையில் 35.

அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஃபேன் வை. பெரிய ஹீட் சிங்க் உள்ள ஸ்டீரியோ ஆம்ப் வாங்கு. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு குறைவாகச் சுடும் கிளாஸ் டி வகை ஆம்புக்கு மாறு. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் அலசிப் பார்த்தாயிற்று.

முதலில் ஃபேன் இல்லாத பழைய பாணி. வழக்கமான கிளாஸ் ஏபி வகை ஆம்ப், பக்கவாட்டில் ஹீட் சிங்க் எனும் அலுமினியத் தகடுகள், மேலே துளைகள், அவ்வளவுதான். ஹீட் சிங்க் சூட்டை அழித்துவிடுவதில்லை. அறைக் காற்றிடம் தள்ளிவிடுகிறது. காற்று எவ்வளவு சூடோ, அதற்கு மேலேதான் அது நிற்கும். வாட்டுக்கு 0.5 டிகிரி என்று கணக்குள்ள ஹீட் சிங்கில் 40 வாட் சூடு இறங்கினால் அறையை விட 20 டிகிரி ஏறும். 22 டிகிரி அறையில் அது 42, கை வைக்கலாம். நம் ஊர் மே மாதத்து 35இல் அது 55. மூடிய அலமாரிக்குள் காற்றே 50 ஆகிவிட்டால் 70. உள்ளே டிரான்சிஸ்டரின் சில்லு இதற்கும் மேல். குளிர்நாட்டு விமர்சகர் 'லேசாக வெதுவெதுப்பாகிறது' என்று எழுதியதை நம்பி வாங்கும் முன் இந்த 13 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

40 வாட் என்று சும்மா சொல்லவில்லை. 100 வாட் கிளாஸ் ஏபி ஆம்ப், முழுச் சத்தத்தில்தான் அதிகம் சுடும் என்று நினைப்போம். உண்மையில் கணக்குப்படி அது ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுக்கும்போதுதான் மிக அதிகமாகச் சுடுகிறது. ஸ்பீக்கருக்கு 40, சூடாக இன்னொரு 40. வீட்டில் சாதாரணமாகக் கேட்பது ஒன்றிரண்டு வாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனாலும் டிரான்சிஸ்டரைத் தயாராக வைக்க, பாட்டே ஓடாதபோதும் ஓடும் பயாஸ் கரண்ட் இருக்கிறதே, அது பெட்டியை எப்போதும் வெதுவெதுப்பாகவே வைத்திருக்கும்.

இதில் முதலில் சாவது டிரான்சிஸ்டர் அல்ல, மின்சாரத்தைத் தேக்கித் தரும் கெபாசிட்டர். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழ பாதி என்பது தொழிலில் உள்ளவர்கள் போடும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் ஒன்று 65இல் 32,000 மணி நேரம் வரும், 75இல் 16,000தான். தினம் ஐந்து மணி நேரம் பாட்டுக் கேட்கும் வீட்டில் பதினேழு வருடத்துக்கும் ஒன்பது வருடத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

இந்தப் பாணியில் எனக்குப் பிடித்தது, கெட்டுப்போக அசையும் பாகம் ஒன்றுமே இல்லை. பிடிக்காதது, அதற்கு இடம் வேண்டும். மேலே ஒரு சாணாவது வெற்றிடம் விட வேண்டும். அம்மா ரேடியோ மேல் போட்டது போல இதன் மேலும் பூப்போட்ட துணி விரிப்பார், எத்தனை தடவை எடுத்தாலும்.

அடுத்து ஃபேன். மலிவு, பலன் உடனே தெரியும், ஆனால் தப்பாக வைக்கப்படுவதுதான் அதிகம். அலமாரிக்குள் ஒரு ஃபேனைச் சுழலவிட்டு, காற்று வெளியேற வழி வைக்காவிட்டால் அது சூட்டைக் கிண்டிக்கொண்டிருக்கும், வெளியேற்றாது. கீழே காற்று நுழைய ஒரு வழி, மேலே பின்பக்கம் வெளியே இழுக்கும் ஃபேன், இதுதான் முறை. 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன் வேண்டாம். காதருகே கொசு பறப்பது போலக் கத்தும். 120 மில்லிமீட்டர், 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனை வாங்கி 7 வோல்ட்டில் ஓட்டினால் மெதுவாகச் சுற்றும், சத்தம் வெகுவாகக் குறையும். டிவியின் யுஎஸ்பியில் இருந்து 5 வோல்ட்டும் கொடுக்கலாம், டிவி போட்டால் தானே ஓடும். சில ஃபேன்கள் 5இல் கிளம்பாது, பார்த்து வாங்க வேண்டும்.

வெளிநாட்டு ஆடியோ ரசிகர்கள் ஃபேன் சத்தத்தைப் பற்றிப் புலம்புவதை நான் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஹாலில் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் கடகடவென ஓடும்போது இந்தக் குட்டிச் சத்தம் எங்கே கேட்கிறது? ஏசி அறையில், நள்ளிரவில், வீணை ஆலாபனை கேட்பவர் வேண்டுமானால் யோசிக்கலாம். எனக்குப் பெரிய தலைவலி தூசிதான், அப்புறம் பல்லி. ஃபேனுக்காக வெட்டிய துளைக்குக் கொசுவலை அடிக்காமல் விட்டால் கதகதப்பான இடம் தேடி உள்ளே போய், பவர் சப்ளையில் இரண்டு முனைக்கு நடுவே படுத்து, தன்னையும் ஆம்பையும் முடித்துவிடும்.

மூன்றாவது, கிளாஸ் டி. டிரான்சிஸ்டரை முழுதாகத் திறப்பது, முழுதாக மூடுவது என்று நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மாற்றுவதால் இடையில் வீணாவது குறைவு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சில்லு 21 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு சேனலுக்கு 50 வாட் தரும், வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்தை ஒட்டி ஸ்பீக்கருக்கே போகும். அதே 40 வாட்டுக்கு இங்கே நாலைந்து வாட்தான் சூடு. ஹீட் சிங்க் தீப்பெட்டி அளவில் போதும். மூடிய அலமாரிதான் உங்கள் விதி என்றால், ஸ்டீரியோ போதும் என்றால், இதையே வாங்குங்கள். ஆனால் மலிவு போர்டுகளில் கெபாசிட்டரை அந்தக் குட்டி ஹீட் சிங்க் மேலேயே சாய்த்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள். சில்லு போனால் போர்டையே மாற்ற வேண்டியதுதான். கிளாஸ் ஏபியில் ஒரு டிரான்சிஸ்டர் போனால் சென்னை ரிச்சி தெருவில் ஒன்று வாங்கி, மைக்காத் தகடும் சூடு கடத்தும் பேஸ்டும் வைத்துத் திருகிவிடலாம்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்த வால்வ் ஆம்ப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில். இஎல்34 வால்வின் ஹீட்டர் 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர். நான்கு வால்வு என்றால் ஒரு சுரம் பாடும் முன்பே 38 வாட் ஹாலுக்குள் வந்துவிடும். ஊட்டியில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

கடைசியில் நான் புது ஆம்ப் எதையும் வாங்கவில்லை. முதல் வேலையாக அலமாரியின் பின்பலகையைக் கழற்றினேன். அதே படம், அதே சத்தம், 68 இருந்தது 54 ஆனது. அதன் பிறகுதான் ஃபேன், 47. பைசா செலவில்லாத வேலைக்குத்தான் அதிகப் பலன். பலகை இப்போது மொட்டை மாடியில் துளசித் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது.