ஜெஸ்டர் சேலஞ்சா, மினி டிரான்சாட்டா?

இரண்டும் பாய்மரப் படகுப் பயணங்கள். இரண்டிலும் படகு சின்னது. படகில் ஒரே ஆள். கடக்க வேண்டியது அட்லாண்டிக். ஆனால் ஒன்றில் கிளம்புவதற்கு முன் பையில் இருக்கும், ஆபத்தில் சைகை காட்டக் கொளுத்தும் தீப்பந்தம் வரை எடுத்து எண்ணிப் பார்ப்பார்கள். மற்றதில் கையசைத்து வழியனுப்புவதோடு சரி.

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். 1960-ல் பிரிட்டனின் பிளைமவுத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாள் பந்தயம் ஒன்று நடந்தது. யோசனை பிளாண்டி ஹாஸ்லர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியுடையது. ஐந்தே பேர் போனார்கள். 25 அடி 'ஜெஸ்டர்' படகில் ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். தனியாகப் போகிறவன் மாட்டிக்கொண்டால், மீட்புக்காரர்களைத் தொந்தரவு செய்யாமல் கண்ணியமாக மூழ்கிவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

அப்புறம் பந்தயம் வீங்கியது. 1976-ல் அலாங் கோலா என்ற பிரெஞ்சு மாலுமி 236 அடி நீளமுள்ள நான்கு பாய்மரக் கலத்தோடு வந்து நின்றார். ஒரே ஆளுக்கு! அந்த எரிச்சலில் பாப் சால்மன் என்ற ஆங்கிலேயர் 1977-ல் மினி டிரான்சாட்டைத் தொடங்கினார். படகு 6.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. 1985 முதல் அது பிரான்சுக்காரர்களின் பந்தயம். மூலப் பந்தயத்திலோ, படகுக்குக் குறைந்தபட்ச நீளம் என்று விதி வந்து, ஜெஸ்டர் மாதிரிப் படகுகளுக்கே இடமில்லாமல் போனது. அதற்குப் பதிலாக 2006-ல் வந்ததுதான் ஜெஸ்டர் சேலஞ்ச். 30 அடிக்குள் ஒரு படகு இருந்தால் போதும். நுழைவுக் கட்டணமும் இல்லை, சோதனையும் இல்லை.

மினியின் பட்டியல் நீளமானது. தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும்படி படகுக்குள் நுரைப்பொருள் அடைத்திருக்க வேண்டும். கவிழ்ந்தால் வெளியேறப் பின்பக்கம் ஒரு கதவு வேண்டும். லைஃப் ராஃப்ட் என்ற உயிர்காப்பு மிதவையும், செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் ஆபத்து பீக்கனும் இல்லாமல் விடமாட்டார்கள். கூடவே துணைப்படகுகள் வரும். எல்லாவற்றுக்கும் மேல், தனியாக, எங்கும் நிற்காமல் 1,000 கடல் மைல் ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான். மற்றவை சாமானைச் சோதிக்கின்றன, இது ஆளைச் சோதிக்கிறது. இத்தனை கெடுபிடிக்கும் நடுவில் சாட்டிலைட் போனுக்குத் தடை! வரைபடம் காட்டும் கருவியும் கூடாது, காகித வரைபடம்தான். சுதந்திரம் என்று ஜெஸ்டர்காரர்கள் தேடுகிற தனிமையை மினி சட்டம் போட்டே கொடுத்துவிடுகிறது.

ஜெஸ்டர் பக்கமும் நியாயம் உண்டு. ரோஜர் டெய்லர் 'மிங்மிங்' என்ற 21 அடி பழைய படகோடு 2006-ல் கிளம்பினார். யாரும் சொல்லாமலே அதை மூழ்காத படகாக மாற்றியிருந்தார். சொந்தமாக யோசித்துச் செய்தவனுக்குத் தன் படகில் ஒவ்வொரு திருகாணியும் தெரியும். பட்டியலைப் பார்த்து வாங்கிப் போட்டவனுக்குத் தெரியுமா? சந்தேகம்தான்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் பொதுச் சட்டங்கள் தனியாளுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அயர்லாந்தில் 7 மீட்டருக்குக் குறைவான படகின் மேல்தளத்தில் இருப்பவர் அதை அணிந்தே ஆக வேண்டும். கரையோரத்தில் அது நல்ல சட்டம். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்குக் கைகால் ஒழுங்காக வேலை செய்வது பத்து நிமிடம் போலத்தான், அதற்குள் ஜாக்கெட்டைத் தேடி மாட்ட முடியாது. ஆனால் நடுக்கடலில் தனியாக விழுந்தால், தானியங்கிச் சுக்கானோடு படகு அது பாட்டுக்குப் போய்விடும். ஜாக்கெட் மிதக்க வைக்கும், படகைத் திருப்பிக் கொண்டுவராது. அங்கே உயிர் என்பது உடம்பைப் படகோடு கட்டும் கயிறுதான். ஆள் துணை இருந்தாலும் இது பொருந்தும். பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லி 1998 ஜூனில் ஐரிஷ் கடலில், ராத்திரி வேளையில், கயிறு கட்டாமல் நின்று விழுந்தார். ஹாஸ்லர் தொடங்கிய அதே அட்லாண்டிக் பந்தயத்தை 1964-ல் வென்றவர். படகில் வேறு ஆட்கள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

ஜெஸ்டர்காரர்களோடு நான் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. ஹாஸ்லர் காலத்தில் செயற்கைக்கோள் பீக்கன் கிடையாது. யாரையும் கூப்பிட மாட்டேன் என்று அவர் சொன்னது நேர்மையான பேச்சு. இன்று பீக்கனைப் பையில் வைத்துக்கொண்டு "என் உயிர், என் பாடு" என்பது அரைகுறைப் பேச்சு. பொத்தானை அழுத்தினால், அருகில் போகும் சரக்குக் கப்பல் திரும்பி வந்தாக வேண்டும், அது கடல் சட்டம். உயரமான இரும்புச் சுவரின் ஓரத்தில், அலையில் ஆடும் சின்னப் படகிலிருந்து ஒருவரைத் தூக்குவது கப்பல்காரர்களுக்கும் ஆபத்து. ஆகவே கூப்பிடுகிற கருவி இருந்தால், அவர்கள் வரும்வரை தாக்குப்பிடிக்கிற ஏற்பாடும் கட்டாயம் என்பேன். மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம்.

செலவைப் பார்த்தால் மினி பணக்காரப் பிள்ளை, ஜெஸ்டருக்கு நாற்பது வருஷப் பழைய படகு போதும். ஆனாலும் முதல் தடவை போகிறவருக்கு நான் மினியைத்தான் சொல்வேன். பந்தயம் ஓடாவிட்டாலும் அந்த 1,000 மைலை மட்டுமாவது ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கப்புறம் ஜெஸ்டர் சேலஞ்சுக்காகப் பிளைமவுத்தில் போய் நின்றால், சோதிக்க ஆளில்லாததைப் பற்றி அவருக்கும் கவலை இருக்காது, எனக்கும் இருக்காது.