வண்ணாரப்பேட்டையில் கட்டிய பணமும் மணாலியில் கிடைத்த இருபது நிமிஷமும்

"குடும்பத்தோடு பனிச்சறுக்கு, 3 நாள் பயிற்சி" என்று ஒரு நோட்டீஸ் பத்து நாளாகப் பாளையங்கோட்டை வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகிறது. முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் அரையாண்டு லீவுக்கு நாங்கள் நாலு பேர் அதே டிராவல்ஸ்காரரிடம் கட்டி ஏமாந்தோம். புகார் கொடுத்திருப்பதால் டிராவல்ஸ் பெயரை எழுதவில்லை. நம்ம நெல்லை வண்ணாரப்பேட்டைப் பக்கம், அவ்வளவுதான்.

நமக்குப் பனி என்றால் மார்கழி மாசம் விடியக்காலையில் வயல் மேல் நிற்கிற மூட்டம்தான். அதனால் அவர் சொன்னதை எல்லாம் நம்பினேன். "அக்கா, ஒண்ணும் யோசிக்காதிய. மூணு நாளும் காலையில ரெண்டு மணி நேரம் கோச் கூடவே இருப்பாரு. சாமான் வாடகை எல்லாம் இதுலயே அடங்கும். புள்ளைய ரெண்டும் பறக்கும், பாத்துக்கிடுங்க" என்றார். இது வாய்ஸ் மெசேஜ். நல்ல வேளை, அழிக்காமல் வைத்திருந்தேன். பயிற்சிக்கு மட்டும் ஆளுக்கு 8,000 ரூபாய், நாலு பேருக்கு 32,000. ரசீதில் "ஆக்டிவிட்டி உட்பட" என்று இரண்டே வார்த்தை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் இமாச்சலப் பிரதேசத்து மணாலியிலிருந்து, பனிச்சறுக்கு நடக்கிற சோலாங் பள்ளத்தாக்குக்குப் போகிற வழியில் கார் ஒரு கடை முன்னால் நின்றது. ரோட்டோரம் வரிசையாக நம்பர் போட்ட கடைகள், எல்லாவற்றிலும் ஓவர்கோட்டும் ரப்பர் பூட்சும் வாடகைக்குத் தொங்குகின்றன. வேறு கடையில் நிறுத்தச் சொன்னால் டிரைவருக்குக் காது கேட்கவில்லை. கோட்டு சாமானில் சேராதாம். நாலு பேருக்கு 1,200 ரூபாய் எண்ணி வைத்தோம்.

சோலாங்கில் பனியே இல்லை, பழுப்புப் புல்தான். டிசம்பர் கடைசியில் அங்கே பனி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, ஜனவரி, பிப்ரவரிதான் ஓரளவு நம்பிக்கையான காலம் என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். நம் அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில் வருகிறது. இது தெரியாமலா ஒருவர் வருஷா வருஷம் ஆள் கூட்டிப் போகிறார்? அடல் சுரங்கப்பாதை வழியாக அந்தப் பக்கம் லாஹுல் போனால் பனி உண்டு என்றார்கள். அதற்குத் தனிக் காசு. சரி, வந்தது வந்துவிட்டோம் என்று போனோம்.

அங்கே "கோச்" என்று ஒருவர் வந்தார். முதல் கேள்வியே "போட்டோ வேணுமா, வீடியோவும் வேணுமா?" மகளுக்கு ஸ்கீ, அதாவது காலுக்கு ஒன்றாக மாட்டுகிற நீளப் பலகை. அதற்கு இரண்டு சைஸ் பெரிய பூட்ஸ், உள்ளே இன்னொரு சாக்ஸ் திணித்து மாட்டினார். மகனுக்கு ஸ்னோபோர்டு, அதில் இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். எந்தக் கால் முன்னால் என்று கேட்காமலே இடது காலை முன்னால் வைத்துக் கட்டிவிட்டார். கையைப் பிடித்து இழுத்து நாலு தடவை சறுக்க விட்டார், படம் எடுத்தார், முடிந்தது. என் வீட்டுக்காரர் மணி பார்த்தார். நாலு பேருக்கும் சேர்த்து இருபது நிமிஷம். தாமிரபரணிப் பாறைப் பாசியில் நாங்கள் இதைவிட நன்றாகச் சறுக்கியிருக்கிறோம்.

கடைசித் தடவை மகள் விழுந்தாள். கால் பனியில் குத்தி நின்றது, உடம்பு திரும்பியது, ஸ்கீ மட்டும் கழலவில்லை. முழங்கால் முறுகி அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல வேளை, எலும்புக்கோ ஜவ்வுக்கோ ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் நொண்டினாள்.

ஏன் கழலவில்லை என்பது மறுநாள்தான் புரிந்தது. ஹோட்டல்காரர் சொன்ன பயிற்சியாளர் ஒருவரை நாங்களே காசு கொடுத்து வரச் சொன்னோம். அவர் முந்தின நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கிற பூட்டில், பைண்டிங் என்கிறார்கள், சின்ன ஜன்னல் மாதிரி ஒன்றில் ஒரு எண் தெரியும். எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடியின் நீளம், எவ்வளவு பழகியவர் என்பதை எல்லாம் பார்த்து ஸ்க்ரூ டிரைவரால் அதைத் திருகி வைக்க வேண்டும். அப்போதுதான் விழும்போது தானாகக் கழலும். என் மகள் 27 கிலோ. அவளுக்கு 2-ஐத் தாண்டவே கூடாதாம். படத்தில் இருந்தது 7. அது பழகிய பெரிய ஆளுக்கான எண்.

ஸ்னோபோர்டில் அந்தப் பூட்டு விழுந்தாலும் கழலாது. அதனால் புதிதாகப் பழகுகிறவர்கள் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள். மணிக்கட்டுக் காப்பு, ஹெல்மெட் இரண்டும் வேண்டும் என்றார். எங்களுக்கு இரண்டுமே தரவில்லை. எந்தக் கால் முன்னால் என்பதை ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்: சாக்ஸ் போட்டுக்கொண்டு மொசைக் தரையில் ஓடிச் சறுக்குங்கள், தன்னால் முன்னே போகிற கால்தான் பெரும்பாலும் அது. என் மகனுக்கு வலது.

அந்தப் பயிற்சியாளர் என் மகளுக்கும் எனக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தது சறுக்கலை நிறுத்தத்தான். ஸ்கீ நுனிகளைக் கிட்டே வைத்து, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்பில் அழுத்தினால் வேகம் குறைகிறது. "சமோசா மாதிரி வச்சா நிக்குது அம்மா" என்றாள் மகள், நொண்டிக்கொண்டே. மகனை அவர் தம்பி தனியாக அழைத்துப் போனார். ஸ்கீயும் போர்டும் வேறு வேறு பாடம், ஒரே ஆள் ஒரே நேரத்தில் நாலு பேருக்கும் சொல்லித்தர முடியாது. போர்டில் முதல் நாள் பாதி நேரம் பனியில் உட்கார்ந்துதான் இருப்பார்கள், அதைச் சொல்லித்தான் தொடங்கினார். மணாலியில் உள்ள அரசு மலையேற்ற நிறுவனத்தில் ஸ்கீயின் அடிப்படைப் படிப்பே இரண்டு வாரம் என்றும் சொன்னார். இருபது நிமிஷத்தை நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது.

எனவே பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த இடம், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், ஹெல்மெட் உண்டா, பனி இல்லாவிட்டால் பணம் திரும்புமா. "அங்க போய்ப் பாத்துக்கலாம் அக்கா" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு அந்தப் பதில்தான் வந்தது, நான் உட்கார்ந்தே இருந்தேன்.

ஊருக்கு வந்து டிராவல்ஸ்காரரிடம் கேட்டதற்கு, "பனி பெய்யது என் கையிலயா இருக்கு?" என்றார். பனிக்காக இல்லை, ஆறு மணி நேரம் சொல்லி இருபது நிமிஷம் தந்ததற்காகப் பணம் கேட்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார். 1915 என்று தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, முதலில் அங்கே பதிந்தேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை. வாய்ஸ் மெசேஜையும் பைண்டிங் எண் தெரிகிற படத்தையும் சேர்த்திருக்கிறேன்.

அந்த நோட்டீஸில் மஞ்சள் ஓவர்கோட்டில் சிரிக்கிற சின்னப் பெண் என் மகள். கேட்காமல் போட்டிருக்கிறார். அந்தப் படம் எடுத்த அடுத்த நிமிஷம்தான் விழுந்தாள்.