கருவறை விளக்கும் காட்டு வல்லூறும்: சோனி ஏ7-4, ஓஎம்-1 ஒப்பீடு

தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் தங்கை மகள் இரண்டு கேமராக்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, "மாமா, இதில் எதை வாங்கட்டும்?" என்று கேட்டாள். ஒன்று சோனி ஏ7 வரிசையின் நான்காவது கேமரா. மற்றொன்று ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1. கோவில் விழாக்களையும் எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் பெத்ரேன் காட்டுப் பக்கம் போய்ப் பறவைகளையும் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மொரீஷியஸில் படம் எடுக்கும் தமிழர் பலருக்கும் இருக்கும் ஆசைதான் இது. முதல் கேமரா என்னிடமே இருக்கிறது. இரண்டாவதை நண்பர் ஒருவரிடம் ஆறு வாரம் இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த பிறகே அவளுக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதிலைத்தான் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஏ7-4 வெளிவந்தது 2021ஆம் ஆண்டு. ஓஎம்-1 வெளிவந்தது 2022இல். ஓஎம்-1க்கு 2024இல் அடுத்த பதிப்பும் வந்துவிட்டதால், முதல் பதிப்பு இப்போது ஒருமுறை கைமாறிய நிலையில் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. ஏ7-4இல் இருப்பது 33 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சார், அதாவது பழைய ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள ஒளி உணரி. ஓஎம்-1இல் இருப்பது 20 மெகாபிக்சல் கொண்ட, அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார். பரப்பளவில் முன்னது பின்னதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, "சிறிய சென்சார், ஆகவே இருட்டுக்கு உதவாது" என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போகிறவர்கள் பலர். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, சென்சாரை விட்டுவிட்டு லென்ஸைப் பார்க்க வேண்டும்.

ஒரே காட்சியை ஒரே தூரத்திலிருந்து, ஒரே ஷட்டர் வேகத்தில் இரண்டு கேமராக்களில் எடுக்கும்போது, எந்தப் படத்திற்கு அதிக ஒளி கிடைக்கும் என்பதை முடிவு செய்வது லென்ஸின் உண்மையான திறப்பின் அகலம்தான். குவியத் தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) எஃப் எண்ணால் வகுத்தால் அந்த அகலம் மில்லிமீட்டரில் வந்துவிடும். கோவிலுக்குள் நான் பயன்படுத்தும் சோனி 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் திறப்பு சுமார் 47 மி.மீ. சென்சார் சிறியது என்பதால், அதே காட்சிப் பரப்பை ஓஎம்-1இல் தருவது ஏறத்தாழ 45 மி.மீ. லென்ஸ், அதிலேயே மிக அகலமான எஃப் 1.2 லென்ஸை எடுத்துக்கொண்டாலும் திறப்பு 37.5 மி.மீ. மட்டுமே. பரப்பாகக் கணக்கிட்டால் சோனிக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான ஒளி கிடைக்கிறது. ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப் என்னும் படம் எடுப்பவர் வழக்கில் சொன்னால் முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவு.

இப்போது பறவை லென்ஸ்களுக்கு வருவோம். சோனியின் 200-600 மி.மீ. லென்ஸ், 600இல் எஃப் 6.3 வரை திறக்கும். திறப்பு 95 மி.மீ. ஓஎம்-1க்கு உரிய 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் அதே 600 மி.மீ. காட்சியைத் தரும்; திறப்பு 75 மி.மீ. இங்கும் வித்தியாசம் அதே முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவுதான்! நான்கு மடங்கு சென்சார் என்று மிரட்டிய கணக்கு இரண்டு இடங்களிலும் ஒரே அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் அந்த இழப்புக்கு ஈடாக நமக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். கோவில் லென்ஸுடன் இரண்டையும் தராசில் வைத்தால், சோனி 658 கிராமும் லென்ஸ் 371 கிராமும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஓஎம்-1 599 கிராமும் லென்ஸ் 410 கிராமும் சேர்ந்து அதுவும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். எடையில் ஒன்றும் மிச்சமாகவில்லை. விலையிலோ அந்த எஃப் 1.2 லென்ஸ் அறிமுகமானபோது 1,199 அமெரிக்க டாலர். சோனி லென்ஸ் அதில் பாதிதான். ஆக, ஒளியையும் இழந்து பணத்தையும் கூடுதலாகக் கொடுக்கிறோம். பறவை லென்ஸ்களில் கதை தலைகீழ். சோனியின் 200-600, முக்காலியில் பொருத்தும் பிடி இல்லாமலேயே 2,115 கிராம். ஓஎம் 300 மி.மீ. லென்ஸ் 1,270 கிராம். கேமராவோடு சேர்த்தால் ஏறத்தாழ 900 கிராம் வித்தியாசம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, மக்காபே காட்டுப் பாதையில் மூன்று மணி நேரம் நடப்பவருக்கு 900 கிராம் என்றால் என்ன என்பதைத் தோள் சொல்லும். அங்கே அந்த முக்கால் ஸ்டாப்பை மனமுவந்து கொடுக்கலாம்.

இதை எண்களாக மட்டும் நம்ப மனம் வராததால் ஓர் இரவு வீட்டுப் பூசையறையில் சோதித்துப் பார்த்தேன். நம் நாட்டு இருநூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் குத்துவிளக்கருகில் நிறுத்தி, ஒற்றைத் திரியின் வெளிச்சத்தில், ஒரு மீட்டர் தூரத்திலிருந்து இரண்டு கேமராக்களிலும் எடுத்தேன். நம் நோட்டுகளில் தமிழ் எழுத்தும் இருப்பது இத்தகைய சோதனைக்கு வசதி: தமிழ் எழுத்தின் சுழிகள் மிக நுண்ணியவை, மங்கினால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். சோனி படத்தைப் பெரிதாக்கியபோது சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தது. அதைச் சுற்றியிருந்த அச்சுக் கோடுகளும் தனித்தனியாக நின்றன. ஓஎம்-1 படத்தில் சுழி வாசிக்கும்படி இருந்தது, ஆனால் உள்ளே மெல்லிய மணல் தூவியதுபோல் ஆகி, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது இரவும் பகலுமான வித்தியாசம் அல்ல. அதில் ஒரு பங்கு ஒளியால் வந்தது, மறு பங்கு 33 மெகாபிக்சலுக்கும் 20 மெகாபிக்சலுக்கும் உள்ள இடைவெளியால் வந்தது.

கருவறையில் இந்தக் கணக்கு இன்னொரு திருப்பத்தைச் சந்திக்கிறது. படம் எடுக்க அனுமதி தரும் கோவில்களில், அலங்காரம் முடிந்து திரை விலகியதும் நாம் எடுப்பது அசையாத மூர்த்தியை. ஓஎம்-1இன் உடலுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு, பொருத்தமான லென்ஸுடன் எட்டு ஸ்டாப் வரை ஈடு கொடுக்கும் என்கிறது நிறுவனம். ஏ7-4க்குச் சொல்லப்படும் அளவு ஐந்தரை. மூச்சை அடக்கி நின்றால் ஓஎம்-1இல் கால் வினாடி வரை கையிலேயே வைத்து எடுக்க முடிந்தது. அப்போது ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்வு அளவைக் குறைத்துவிடலாம், மணலும் மறைந்துவிடும். ஆனால் குருக்கள் தீபாராதனைத் தட்டை ஏந்திய நொடியில் அந்த உதவி பயனற்றுப் போகிறது. அசைவது கேமரா அல்ல, தட்டும் கையும் சுடரும். 1/125 வினாடிக்குக் குறைந்தால் கை மங்கிவிடும். அங்கே வேண்டியது ஒளி, ஒளி மட்டுமே. ஆகவே நிற்கும் மூர்த்திக்கு எதுவும் சரி; நடக்கும் பூசைக்கு ஏ7-4.

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேவாரம் ஓதும்போது ஷட்டர் 'டக் டக்' என்று அடிப்பது எனக்குப் பெருங்குற்றமாகவே படும். இரண்டு கேமராக்களிலும் ஓசையற்ற மின்னணு ஷட்டர் உண்டு. ஆனால் அது எவ்வளவு நல்ல படம் தரும் என்பது சென்சாரை மேலிருந்து கீழ்வரை எவ்வளவு விரைவாக வாசிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓஎம்-1இன் அடுக்குச் சென்சார் இதை ஏறத்தாழ 1/125 வினாடியில் முடித்துவிடுகிறது. ஏ7-4க்கு ஏறத்தாழ 1/15 வினாடி ஆகிறது. அந்த நேரத்திற்குள் வேகமாக அசையும் பொருள் சாய்ந்து தெரியும். கோவில் கோபுரத்தைச் சுற்றி இப்போது எங்கும் கட்டப்படும் எல்இடி விளக்குகளின் துடிப்பும் படத்தில் வரிவரியாக விழக்கூடும். ஆதலால் ஏ7-4இல் ஓசையற்ற முறையை நான் எண்ணெய் விளக்கு மட்டும் எரியும் இடத்திற்கு ஒதுக்கிவிட்டேன். நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது இயந்திர ஷட்டர் யார் காதிலும் விழாது; ஓதுவார் குரல் தனித்து ஒலிக்கும்போது கேமராவைக் கீழே இறக்கிவிடுவதே முறை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே, காவடி ஊர்வலத்தில், வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. வெளிச்சம் மிகுதியாக இருப்பதுதான் சிக்கல். உச்சி வெயில், இளஞ்சிவப்பும் மஞ்சளுமான உடைகள், காவடியின் தென்னங்குருத்து நிழலுக்குள் ஒளிந்திருக்கும் கரிய முகம், கன்னத்தில் மின்னும் வெள்ளி வேல். இவை அனைத்தும் ஒரே சட்டகத்தில் வருகின்றன. இளஞ்சிவப்பு துணி வெளிறிப் போகாமல் குறைத்து எடுத்துவிட்டு, பிறகு கணினியில் நிழலை மட்டும் தூக்கும்போது ஏ7-4இன் ரா கோப்பு, அதாவது பதப்படுத்தாத மூலப் படம், அதிகம் தாங்குகிறது. குவாத்ர் போர்ன் ஊருக்கு மேலே, கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலை நோக்கிப் படியேறும் கூட்டத்தில், ஒரு பக்தரின் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொடர்வதிலும் எனக்கு அதுவே அதிக நம்பிக்கை தந்தது. இரண்டு மெமரி கார்டுகளிலும் ஒரே நேரத்தில் எழுதும் வசதி இரண்டு கேமராக்களிலுமே உண்டு. பாட்டரியும் சமம்: வியூஃபைண்டர் வழியே பார்த்து எடுத்தால் இரண்டுக்கும் 520 படம் என்பதே வரையறுக்கப்பட்ட கணக்கு, தொடர்ந்து அடித்தால் அதைவிட மிக அதிகமாகவே கிடைக்கும்.

பறவைகளிடம் வரும்போது எடை மட்டுமன்றி இன்னும் இரண்டு காரணங்கள் ஓஎம்-1 பக்கம் சேர்கின்றன. மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்னும் நம் வல்லூறு, 1974இல் காட்டில் நான்கே நான்கு என்று அறியப்பட்ட நிலையிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட பறவை. அது கிளையில் அசையாமல் பத்து நிமிடம் அமர்ந்திருக்கும். பல்லியைக் கண்டதும் கண் இமைக்கும் நேரத்தில் பாய்ந்துவிடும். மனித விரல் அந்த வேகத்தை எட்டாது. ஓஎம்-1இல் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடி காத்திருந்தால், கேமரா தன் நினைவில் முந்தைய படங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டே இருக்கும். பறவை பாய்ந்த பிறகு முழுதாக அழுத்தினாலும் பாய்வதற்கு முந்திய கணங்கள் கிடைத்துவிடும். தொடர் ஃபோகஸுடன் வினாடிக்கு 50 படம் வரை, குறிப்பிட்ட லென்ஸ்களில், எடுக்கலாம்; மற்றவற்றில் 25. ஏ7-4இல் முன்கூட்டிச் சேர்க்கும் வசதி கிடையாது. வினாடிக்கு 10 படம், அதுவும் தரம் இழந்து சுருக்கிய ரா கோப்பில்தான். இழப்பற்ற ரா வேண்டுமென்றால் ஏறத்தாழ 6 ஆகிவிடும்.

பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்சி மேடையில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பள்ளத்தாக்கின் பச்சைக்கு மேலே, நீண்ட வால் கொண்ட வெண்ணிறப் பறவை, நாம் பாய்-ஆன்-க்யூ என்று அழைப்பது, சிறகடித்துப் போகிறது. ஓஎம்-1இல் எடுத்த நாற்பது படங்களைத் திரையில் வரிசையாக வைத்தபோது, சிறகின் ஒரே வீச்சு எட்டுப் பத்து நிலைகளாகப் பிரிந்து நின்றது; வால் வளைந்து நுனி மேலெழும் நிலை அவற்றுள் ஒன்றில் மட்டும் இருந்தது. சோனியில் எடுத்த தொடரில் அந்த நிலைக்கு முந்தியதும் பிந்தியதும் இருந்தன, அது மட்டும் இல்லை. ஒரு படத்திற்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது காரணம் மழை. ப்ளேன் ஷாம்பாஞ் மேட்டுநிலப் பக்கம் வானம் சொல்லிக்கொண்டு மழை பெய்வதில்லை. ஓஎம்-1, தூசியையும் நீரையும் தாங்குவதற்கான ஐபி53 தரச்சான்று பெற்றது. அதே தரம் கொண்ட லென்ஸுடன் தூறலில் அச்சமின்றி நிற்கலாம். ஏ7-4 ஈரம் புகாதவாறு அடைக்கப்பட்டிருந்தாலும் அப்படி எண்ணிட்ட சான்று அதற்கில்லை. நான் பிளாஸ்டிக் உறை போட்டே பயன்படுத்துகிறேன். எதை வாங்கினாலும் நம் ஈரப்பதத்தில் அலமாரிக்குள் வெறுமனே பூட்டி வைக்காதீர்கள். என் பழைய லென்ஸ் ஒன்றில், என் கவனக்குறைவால், சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைப்பதும், பையை மாதந்தோறும் மாற்றுவதும் பெரிய செலவல்ல.

அருவிகளுக்கு ஓஎம்-1இல் ஒரு சிறு வரம் உண்டு: கண்ணாடி வடிகட்டி இல்லாமலேயே ஆறு ஸ்டாப் வரை ஒளியைக் குறைத்தாற்போல் நீரைப் பட்டாக மாற்றித் தரும். வீடியோவில் வினாடிக்கு 60 சட்டகம் கொண்ட 4கே எடுக்கும்போது ஏ7-4 காட்சியின் ஓரங்களை வெட்டிவிடும், ஓஎம்-1 வெட்டாது. திருமண வீடியோ எடுப்பவர்களுக்கு மட்டும் இது முக்கியம்.

விலையில் பெரிய இடைவெளி இல்லை. அறிமுகத்தின்போது ஏ7-4 உடல் 2,499 டாலர், ஓஎம்-1 2,199. பறவை லென்ஸ்கள் முறையே 1,999, 2,499. கூட்டிப் பார்த்தால் இருநூறு டாலர்தான் வித்தியாசம், அதுவும் ஓஎம்-1 பக்கம் அதிகம்.

தங்கை மகளிடம் ஏ7-4ஐ வாங்கச் சொன்னேன். முதலில் 85 மி.மீ. லென்ஸோடு மட்டும். அவள் பாட்டிக்கு எண்பது வயது நெருங்குகிறது. பத்து நாள் விரதமிருந்து, பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த ஆண்டும் படியேறினார். அந்த முகத்தை விளக்கொளியில் எடுக்க அடுத்த தைக்குள் அவள் பழகிக்கொள்ள வேண்டும். பறவைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரின் ஓஎம்-1ஐ நான் மறுபடியும் இரவல் கேட்டுக்கொள்கிறேன், கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.