விற்றமின் டி: கல்லடி வெயிலா, பாமசிக் குளிசையா?

இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி குறைவு என்று வந்ததும் மட்டக்களப்பில் எழும் கேள்வி: இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் குளிசை எதற்கு?

வெயில் பட்டுத் தோலில் உருவானாலும், குளிசையாக விழுங்கினாலும், விற்றமின் டி-யைக் கல்லீரலும் அப்புறம் சிறுநீரகமும் மாற்றிய பிறகுதான் அது முழுமையாக வேலை செய்யும். அந்த வடிவம் கலத்தின் கருவிலுள்ள ஏற்பியில் (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) பொருந்தும். ஏற்பி, ஆர்எக்ஸ்ஆர் என்ற புரதத்துடன் சோடி சேர்ந்து டிஎன்ஏயில் அமர்ந்து, குடல் கல்சியத்தை உறிஞ்ச உதவும் மரபணுக்களை முடுக்கிவிடும். இதில் வெயிலுக்கும் குளிசைக்கும் வித்தியாசமே இல்லை.

செலவு
வெயில்: ஒரு சதமும் இல்லை.
குளிசை: மாதாமாதம் காசு.

அளவு
வெயில்: விற்றமின் டி கூடிப்போகாது. மிஞ்சியதைத் தோலே செயலற்ற பொருளாக்கிவிடும்.
குளிசை: மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும், வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். பக்கத்து வீட்டாரின் மருந்துத் துண்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

வசதி
வெயில்: சிக்கல் இங்கேதான். காலை 6 மணிக்குக் கல்லடிக் கடற்கரையில் நடப்பது நல்ல பழக்கம், ஆனால் விற்றமின் டி-க்குப் பெரிதாக உதவாது. தேவையான புற ஊதா பி கதிர், நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகும் நேரத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். ஜன்னல் கண்ணாடி அதை மறித்துவிடும். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.
குளிசை: கொழுப்புள்ள சாப்பாட்டுடன் விழுங்கினால் சரி.

வயலிலும் வாவியிலும் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் வெயிலே போதும். அலுவலகத்தில் அடைந்திருப்பவர்கள், உடல் முழுக்க மூடி உடுப்பவர்கள், முதியவர்களுக்குக் குறைபாடு உறுதியானால் குளிசைதான், டொக்டர் சொன்ன அளவில். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இரண்டுமே போதாமல் போகலாம். அவர்களுக்கு ஏற்கெனவே மாற்றப்பட்ட கல்சிட்ரியோல் போன்ற மருந்தை டொக்டர் எழுதுவார்.