கழிவுநீர்ச் சூட்டில் வெந்நீர்: மூணாறு விடுதியில் இரண்டு குளிர்காலம் ஓடிய ஹீட் பம்ப்

மூணாற்றில் 12 அறைகள் கொண்ட எங்கள் விடுதியில், கழிவுநீரில் மிஞ்சியிருக்கும் சூட்டை எடுத்து வெந்நீர் தரும் ஹீட் பம்ப் ஒன்றைப் பொருத்தி இரண்டு குளிர்காலம் ஆகிறது. அதற்கு முன்பு கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மர விறகை எரிக்கும் பாய்லர்தான் இருந்தது. ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி படியும் விடியலில், ஈர விறகோடு மல்லுக்கட்டியே வேலையாட்கள் களைத்துப்போவார்கள்.

விடுதி நிறைந்த நாளில் குளியலறை, சமையற்கட்டு, சலவை எல்லாமாக 5000 லிட்டர் கழிவுநீர் சேர்கிறது. அதை 5 டிகிரி குளிரவைத்தாலே 29 யூனிட் வெப்பம் கிடைக்கும். கம்ப்ரஸர் இழுக்கும் 14, 15 யூனிட் மின்சாரமும் சூடாகவே சேர்வதால், 15 டிகிரியில் வரும் 1200 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்கு ஏற்றிவிடலாம். கீசருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு மின்சாரம் வேண்டும்.

முதல் குளிர்காலம் வீணாயிற்று. பொருத்த வந்த நிறுவனத்தார், கனடாவின் வான்கூவரில் 2010 முதல் சுத்திகரிக்காத கழிவுநீரிலிருந்தே வெப்பம் எடுத்துக் கட்டடங்களுக்கு வழங்குவதைச் சொல்லி, எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளில் முதல் தொட்டியிலேயே, சூட்டை உறிஞ்சும் வெப்பத் தகடுகளை இறக்கினார்கள். நகரச் சாக்கடைக்கு ஒத்துவருவது சிறிய விடுதிக்கு ஒத்துவரவில்லை. சமையல் எண்ணெயும் சோப்பும் தகட்டில் படிந்து, விரல் வைத்தால் வழுக்கும் சாம்பல் நிறச் சவ்வாக ஒட்டிக்கொண்டன. வெந்நீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அதைவிட மோசம், தண்ணீர் முன்னதாகவே குளிர்ந்ததால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மந்தமாகி, சுத்திகரித்த நீரிலும் நாற்றம் அடித்தது. தகடுகளைக் கடைசித் தொட்டிக்கு மாற்றிய பிறகே இரண்டும் சரியாயின. இப்போதும் 15 நாளுக்கு ஒருமுறை தகட்டைத் தேய்த்துக் கழுவுகிறோம்; இந்த வேலைக்கு ஆள் இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

முகம் சுளிக்கும் விருந்தினர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: கழிவுநீரும் குளியல்நீரும் எங்கும் கலப்பதில்லை, நடுவே மூடிய குழாயில் ஓடும் குளிர்பொருள்தான் சூட்டைச் சுமந்து செல்கிறது.

அறையைச் சூடாக்கவும் இதை நம்புபவர்கள் முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். ஓட்டுக் கூரை அறைகளில் சூடு தங்கவே இல்லை. உள்ளே பலகை அடித்த இரண்டு அறைகளில் மட்டும், சுவரோர வெந்நீர்க் குழாயின் கதகதப்பு விடியும்வரை நிற்கிறது. மற்ற அறைகளுக்கும் பலகை அடித்த பிறகே குழாயை நீட்டப்போகிறோம்.