லாக்கில் வரும் 1: ஆம் என்பதா, ஒரு தடவை என்பதா?

"ரீட்ரை=1". நள்ளிரவில் சேவை நின்றுபோனபோது லாக்கில், அதாவது நிரல் தன் நடப்புகளை எழுதிவைக்கும் பதிவில், நான் பார்த்த வரி இது. ஒருமுறை மறுபடி முயன்றிருக்கிறது என்று படித்துவிட்டு, முதல் முயற்சி ஏன் தோற்றது என்று நெடுநேரம் தேடினேன். அந்த 1 எண்ணிக்கையே அல்ல. மறுமுயற்சி வசதி இயக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் பூலியன், அதாவது ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புள்ள வகை.

1, 0 என்று அச்சிடுவது சி மொழிக்காரர்களின் பழக்கம். அம்மொழிக்குப் பூலியன் வகை கிடைத்ததே 1999ஆம் ஆண்டுத் தரத்தில்தான். அப்போதும் அச்சிட உதவும் பிரிண்ட்எஃப்பில் அதற்கென்று ஒரு வடிவக் குறி (மதிப்பை எந்த வடிவில் அச்சிடுவது என்று சொல்லும் குறி) சேர்க்கப்படவில்லை. முழு எண்ணுக்கான குறியைக் கொண்டே சமாளிக்கிறோம். எழுதுவதற்குச் சுலபம், இடமும் மிச்சம். ஆனால் பழைய நிரல்களில் சாதாரண முழு எண்ணே பூலியன் வேலையைச் செய்யும். பூஜ்யம் அல்லாத எதுவும் அங்கே "ஆம்"தான். எழுத்தா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபா, லினக்ஸ் கணினிகளில் 1024 என்று விடை தருவதைப் பார்க்கலாம். போதாக்குறைக்கு, கட்டளைகளை இயக்கும் ஷெல்லில் 0 என்றால் வெற்றி. ஒரே லாக்கில் இரண்டும் கலந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

ட்ரூ (ஆம்), ஃபால்ஸ் (இல்லை) என்று எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை. கோ மொழியில் இதற்கெனத் தனிக் குறியே உண்டு. ஜாவா தானாகவே அப்படி அச்சிடுகிறது. சியில் மும்மைச் செயற்குறி (ஆம் என்றால் இது, இல்லையென்றால் அது என்று தேர்ந்தெடுப்பது) கொண்டு சொல்லாக மாற்ற வேண்டும். மாற்றாமல் சரத்துக்கான (எழுத்துத் தொடருக்கான) குறியில் பூலியனைக் கொடுத்தால், 1 என்பதை நினைவக முகவரியாக எடுத்துக்கொண்டு நிரல் விழுந்துவிடக்கூடும். சி++இல் சொல்லாக அச்சிடச் செய்யும் பூல்ஆல்ஃபாவைப் போட்டால், நாமே நீக்கும்வரை அந்த ஸ்ட்ரீமில் (வெளியீட்டுத் தடத்தில்) அது நீடிக்கும். பிஎச்பியில் ஃபால்ஸை எக்கோ கட்டளையால் அச்சிட்டால் வெற்றிடம்தான் வரும். மதிப்பு வந்ததா, விடுபட்டதா என்றே தெரியாது. பைத்தான் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரியதாக அச்சிடுகிறது, தரவு வடிவமான ஜேசன் சிறியதாக எழுதுகிறது. இரண்டு சேவைகளின் லாக்கை, தேடல் கருவியான கிரெப்பில் சேர்த்துத் தேடும்போது பாதி வரிகள் நழுவிவிடும். எல்லாவற்றையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது.

"இணைப்பு கிடைத்தது", "கிடைக்கவில்லை" என்று முழுச் சொற்களில் எழுதுவது கண்ணுக்கு இதம். ஆனால் ஆளுக்கொரு வாசகம் எழுதுவார்கள், தேடல் கெடும்.

என் தேர்வு ட்ரூ, ஃபால்ஸ்தான்; பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். அந்த வரியை இப்போது "ரீட்ரை_எனேபிள்டு=ட்ரூ ரீட்ரை_கவுன்ட்=0" என்று பிரித்து எழுதியிருக்கிறேன்.