நாலு நகர்த்தல் மேட்டா, லெகால் பொறியா?

மாம்பழ சீசன் விடுமுறையில் கிருஷ்ணகிரித் திண்ணைகளில் பையன்கள் சதுரங்கத்தில் முதலில் பழகுவது நாலு நகர்த்தல் மேட்தான், அதாவது நாலே நகர்த்தலில் எதிராளி ராஜாவைத் தப்ப முடியாமல் மடக்குவது. மந்திரி சி4, ராணி எச்5, பிறகு ராணி எஃப்7-இல் வெட்டு (எழுத்தும் எண்ணும் பலகையில் கட்டத்தின் பெயர்). எதிராளி ஜி6-க்குச் சிப்பாயைத் தள்ளிவிட்டால் போச்சு. ராணி வீணாக அலைந்ததுதான் மிச்சம்.

லெகால் பொறி வேறு ரகம், 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் சதுரங்க ஆட்டக்காரர் பெயரில் வந்தது. ஜி4-இல் நிற்கும் கறுப்பு மந்திரி நம் எஃப்3 குதிரையை ராணியோடு கட்டிப்போட்டிருக்கும்; குதிரை நகர்ந்தால் ராணி வெட்டுப்படும். அந்தக் குதிரையே துணிந்து இ5 சிப்பாயை வெட்டும்! எதிராளி ஆசைப்பட்டு நம் ராணியை எடுத்தால், நம் சி4 மந்திரி எஃப்7-இல் செக், கறுப்பு ராஜா இ7, நம் சி3 குதிரை டி5-இல் மேட். ராணியை விட்டுவிட்டு டி6 சிப்பாயால் குதிரையை வெட்டினாலும் நம் ராணி ஜி4 மந்திரியை எடுத்துவிடும். ஒரு சிப்பாய் லாபம். ஆனால் கறுப்புக் குதிரை சி6-இல் இருந்தால் இந்தப் பொறியைத் தொடாதீர்கள். அது இ5-இல் நம் குதிரையை வெட்டி, ஜி4 மந்திரிக்கும் காவல் நிற்கும். அப்புறம் நமக்கு ஒரு காய் நஷ்டம். இருந்தாலும் என் ஓட்டு லெகாலுக்கே.